அணுவை நிறுக்கும் அலகுகள்: டால்டனிலிருந்து கிலோகிராம் வரை

1932 ஏப்ரல் 14. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜான் காக்கிராஃப்டும் எர்னஸ்ட் வால்ட்டனும் கட்டியிருந்த முடுக்கி, புரோட்டான்களை லித்தியத்தின் மீது மோதவிட்டது. துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் ஒளிப்பொறிகள் தெறித்தன. லித்தியம் அணுக்கரு ஒரு புரோட்டானை உள்வாங்கி இரண்டு ஹீலியம் அணுக்கருக்களாகப் பிளந்திருந்தது. அவை காற்றில் எட்டுச் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் ஓடி நின்றன. ஓடிய தூரத்தை வைத்து, ஒவ்வொன்றும் 86 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் புறப்பட்டது என்று இருவரும் கணித்தனர். இரண்டுக்கும் சேர்த்து 172 லட்சம். மோதிய புரோட்டானுக்கோ சில லட்சம் எலக்ட்ரான்வோல்ட்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

இத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது? மோதலுக்கு முந்தைய நிறையிலிருந்து பிந்தைய நிறையைக் கழித்தார்கள். அன்றைய அணு நிறை அலகில் 0.0154 குறைந்தது. அதை ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் போட்டு மாற்றியபோது கிடைத்தது 143 லட்சம் எலக்ட்ரான்வோல்ட். பிழை 27 லட்சம் வரை இருக்கலாம். பிழையைக் கூட்டிப் பார்த்தால் அந்த எண் அளந்த ஆற்றலின் விளிம்பைத் தொட்டது. அலகு மாற்றத்தில் தவறு எதுவும் இல்லை. லித்தியத்தின் நிறைதான் அன்று போதிய துல்லியத்தோடு தெரிந்திருக்கவில்லை.

அதே கணக்கை இன்றைய எண்களோடு போட்டுப் பார்ப்பதே இந்த அத்தியாயத்துக்கு நல்ல தொடக்கம். லித்தியம்-7 அணுவின் நிறை 7.016003, ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.007825. கூட்டினால் 8.023828. ஹீலியம்-4 அணுவின் நிறை 4.002603, இரண்டுக்கு 8.005206. வித்தியாசம் 0.018622. இவை யாவும் டால்டனில். பள்ளிப் பாடநூல் அணு நிறை அலகு என்று சொல்வதும் இதையேதான்: கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு டால்டன் 931.494 எம்இவிக்குச் சமம். எம்இவி என்பது பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட். பெருக்கினால் 17.346 எம்இவி, அதாவது 173 லட்சம் எலக்ட்ரான்வோல்ட். 1932-இல் அளந்த 172 லட்சத்துக்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பார்த்தால் அந்த இருவரின் கைத்திறன் மீது மதிப்பு கூடும்.

இதையே கிலோகிராம் வழியாகவும் செய்யலாம். 0.018622-ஐ 1.66053907 × 10⁻²⁷-ஆல் பெருக்கினால் 3.09226 × 10⁻²⁹ கிலோகிராம். அதை ஒளிவேகத்தின் இருமடியால், அதாவது 8.98755179 × 10¹⁶-ஆல் பெருக்கினால் 2.77919 × 10⁻¹² ஜூல். ஒரு எம்இவிக்கு 1.602176634 × 10⁻¹³ ஜூல் என்று வகுத்தால் மறுபடியும் 17.346. விடை ஒன்றுதான், ஆனால் பாதை நீளம். மூன்று இடங்களில் பத்தின் அடுக்குகள் வருகின்றன. அவற்றில் ஒன்று பிசகினாலும் விடை பத்து மடங்கு ஏறும் அல்லது இறங்கும். எனவே முதலில் டால்டனிலேயே கழிக்க வேண்டும், மாற்றுவதைக் கடைசியில் ஒரே தடவையில் முடிக்க வேண்டும். தேர்வுக்குப் படிப்பவரானாலும் ஆய்வு செய்பவரானாலும் இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

931.494 எங்கிருந்து வருகிறது

மேலே கிலோகிராம் வழியில் போன கணக்கில், வித்தியாசத்துக்குப் பதிலாக ஒரு டால்டனை வைத்தால் 931.494 கிடைத்துவிடும். ஒரு டால்டன் 1.66053907 × 10⁻²⁷ கிலோகிராம். ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கினால் 1.492418 × 10⁻¹⁰ ஜூல். எம்இவிக்கு மாற்றினால் 931.494. இந்தச் சங்கிலியை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர் அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, மறந்தாலும் மீட்டுக்கொள்ளலாம்.

எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலின் அலகு. நிறையின் அலகு அன்று. நிறையாக எழுதும்போது அதை ஒளிவேகத்தின் இருமடியால் வகுத்திருக்கிறோம் என்று பொருள். துகள் இயற்பியலாளர்கள் ஒளிவேகத்தை 1 என்று வைத்துக்கொண்டு அந்த வகுத்தலை எழுதாமலே விட்டுவிடுவார்கள். புரோட்டானின் நிறை 938.27 எம்இவி என்று அவர்கள் சொன்னால், கிலோகிராமுக்குப் போகும் வேளையில் விட்டதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு எலக்ட்ரான்வோல்ட் நிறை 1.782662 × 10⁻³⁶ கிலோகிராம். எம்இவிக்கு அடுக்கு −30, நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட்டான ஜிஇவிக்கு −27.

2019 மே 20 அன்று கிலோகிராமின் வரையறை மாறியது. பாரிஸுக்கு அருகே காக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளைக்குப் பதில் பிளாங்க் மாறிலி அடிப்படையாயிற்று. எலக்ட்ரானின் மின்னூட்டமும் அதே நாளில் துல்லியமான எண்ணாக நிலைநிறுத்தப்பட்டது. ஒளிவேகம் 1983-லேயே அப்படி ஆகியிருந்தது. ஆகவே எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து கிலோகிராமுக்கு மாற்றும் எண்ணில் இன்று அளவீட்டுப் பிழை என்பதே இல்லை. டால்டனிலிருந்து கிலோகிராமுக்கு மாற்றும் எண் அப்படி அன்று. அது இன்னும் ஆய்வகத்தில் அளந்து பெறும் எண்தான்; பத்தாவது எண்ணுருவை ஒட்டிச் சிறு ஐயம் உண்டு, புதிய பரிந்துரைப் பட்டியல் வரும்போது கடைசி எண்ணுருக்கள் நகரும். அன்றாடக் கணக்குகளை இது தொடாது. பத்து எண்ணுருக்களுக்கு மேல் தேவைப்படுபவர் எந்த ஆண்டுப் பட்டியலைப் பயன்படுத்தினார் என்று விடையோடு எழுதியாக வேண்டும்.

கிலோகிராமில் எழுதும்போது இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. டால்டனுக்கு 1.6605, புரோட்டானுக்கு 1.6726, நியூட்ரானுக்கு 1.6749, ஜிஇவிக்கு 1.7827, நான்குக்கும் அடுக்கு −27. எலக்ட்ரான்வோல்ட்டை ஜூலாக்கும் 1.602 வேறு பக்கத்தில் நிற்கிறது. அவசரத்தில் ஒன்றை எடுக்கப் போய் மற்றொன்றை எடுப்பது மிக எளிது. டால்டனுக்குப் பதில் புரோட்டான் நிறையைப் போட்டுவிட்டால் விடை 0.73 சதவீதம் மட்டுமே மாறும், சரிபோலவே தோன்றும். பெரிய பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். இந்தச் சிறிய பிழைதான் கண்ணுக்குத் தப்பிப் பதிப்பு வரைக்கும் போய்விடும்.

எண்ணின் வாலை வெட்டாதீர்

அணுக்கரு இயற்பியலில் அலகு மாற்றம் தவறாகும் இடம் பெருக்கல் அன்று. மாற்றுவதற்கு முன்பே எண்ணைச் சுருக்கிவிடுவதுதான். ஹீலியம்-4 அணுக்கருவின் பிணைப்பாற்றலை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் நிறையையும் இரண்டு நியூட்ரான்களின் நிறையையும் கூட்டி, ஹீலியம் அணுவின் நிறையைக் கழிக்க வேண்டும். ஹைட்ரஜன் 1.007825, நியூட்ரான் 1.008665, ஹீலியம் 4.002603. கூட்டுத்தொகை 4.032980, வித்தியாசம் 0.030377 டால்டன், பெருக்கினால் 28.30 எம்இவி. இதுதான் சரியான விடை.

இனி, இரண்டு தசம இடங்களே போதும் என்று ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் 1.01, நியூட்ரான் 1.01, ஹீலியம் 4.00. வித்தியாசம் 0.04, விடை 37.3 எம்இவி. மூன்று இடங்கள் வைத்தால் 28.9. நான்கு வைத்தால் 28.3. இரண்டு இடங்களிலிருந்து மூன்றுக்குப் போனதும் எட்டு எம்இவிக்கு மேல் பிழை கரைந்துவிட்டது.

கிலோகிராமில் செய்தால் நிலைமை இன்னும் மோசம். புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் 1.67 × 10⁻²⁷ என்று பல புத்தகங்களின் பின்னிணைப்பு சொல்கிறது. நான்கு துகள்களுக்கு 6.68. ஹீலியம் 6.65. வித்தியாசம் 0.03 × 10⁻²⁷ கிலோகிராம், எம்இவியில் 16.8. உண்மை விடையில் ஐந்தில் மூன்று பங்குதான் அது. போட்டவர் ஒவ்வொரு எண்ணையும் மூன்று முக்கிய எண்ணுருக்களுக்குச் சரியாகத்தான் எழுதினார். ஆனால் ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்தபோது முன்னால் நின்ற எண்ணுருக்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. மிஞ்சியது தோராயமான ஒற்றை எண்ணுரு.

ஆகையால் எத்தனை எண்ணுருக்களை வைத்துக்கொள்வது என்பதை விடையிலிருந்து பின்னோக்கி முடிவுசெய்ய வேண்டும். விடை ஒரு கேஇவி, அதாவது ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட் அளவுக்குச் சரியாக வேண்டுமானால், நிறைகள் டால்டனில் ஆறாவது தசம இடம் வரை தெரிந்திருக்க வேண்டும். ஒரு டால்டனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு 0.93 கேஇவி. இந்த ஒரு பொருத்தம் மனதில் இருந்தால் போதும். ஆறாவது இடம் கேஇவி, மூன்றாவது இடம் எம்இவி.

பாடநூல்களில் 931 எம்இவி என்று முழு எண்ணாக எழுதுவது பற்றியும் ஒரு சொல். அதனால் வரும் பிழை 0.05 சதவீதம், லித்தியம் கணக்கில் 9 கேஇவி. தேர்வுத்தாளுக்குத் தாராளமாகப் போதும். நிறைகளை இரண்டு இடத்தோடு வெட்டிவிட்டு மாற்றும் எண்ணை மட்டும் 931.494 என்று நீளமாக எழுதுவதைத்தான் தவிர்க்க வேண்டும்; அங்கே அந்த .494-க்கு வேலையே இல்லை.

கழித்தலே தேவைப்படாத அட்டவணை

அணுக்கரு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அணு நிறை மதிப்பீட்டு அட்டவணையில் நிறைக்குப் பக்கத்தில் நிறை மிகை என்று ஒரு பத்தி இருக்கும். அட்டவணையின் 2020 பதிப்பு 2021-இல் வெளிவந்தது. அணுவின் நிறையிலிருந்து நிறை எண்ணைக் கழித்து, மீதியைக் கேஇவியில் கொடுப்பதே நிறை மிகை. கார்பன்-12-க்கு அது வரையறைப்படி பூச்சியம். ஹைட்ரஜனுக்கு 7,289. ஹீலியம்-4-க்கு 2,425. லித்தியம்-7-க்கு 14,907. இரும்பு-56-க்கு −60,607, குறி எதிர்மறையாக இருப்பதால் அதன் நிறை 56-க்குக் கீழே என்று பார்த்தவுடனே தெரிகிறது. 60,607-ஐ 931,494-ஆல் வகுத்தால் 0.065064; 56-லிருந்து கழித்தால் 55.934936 டால்டன்.

லித்தியம், புரோட்டான் வினையில் முன்னும் பின்னும் நிறை எண்களின் கூட்டுத்தொகை எட்டு. அது தானாகவே அடிபட்டுப் போகும். 14,907-உம் 7,289-உம் சேர்ந்து 22,196. ஹீலியம் இரண்டுக்கு 4,850. மீதி 17,346 கேஇவி. அலகு மாற்றம் எதுவும் இல்லை, நீளமான தசமமும் இல்லை. கழித்தலில் எண்ணுருக்கள் தொலையும் ஆபத்தை இந்த அட்டவணை முன்கூட்டியே நீக்கிவிட்டது. கல்லூரிப் பாடத்திட்டங்களில் இதற்கு இன்னும் அதிக இடம் கொடுத்திருக்க வேண்டும்.

நியூட்ரானின் நிறையே ஒருவகையில் அலகு மாற்றத்தின் விளைபொருள். மின்னூட்டம் இல்லாததால் நிறைமாலைமானியில் அது வளையாது. நேரடியாக நிறுக்க வழியில்லை. ஜேம்ஸ் சாட்விக்கும் மாரிஸ் கோல்ட்ஹேபரும் 1934-இல் கன ஹைட்ரஜனின் அணுக்கருவைக் காமாக் கதிரால் உடைத்து, அதன் பிணைப்பாற்றலைக் கணக்கிட்டு, நியூட்ரான் ஹைட்ரஜன் அணுவை விடக் கனமானது என்று காட்டினார்கள். இன்று வழி தலைகீழ். ஹைட்ரஜன் ஒரு நியூட்ரானைப் பிடித்துக்கொள்ளும்போது வெளிவரும் காமாக் கதிரை, பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வு உலையில், சிலிக்கான் படிகங்களைக் கொண்டு அளந்தார்கள். அணுக்கருவின் பின்னுதைப்பையும் சேர்த்தால் ஆற்றல் 2.2246 எம்இவி. அதை 931.494-ஆல் வகுத்தால் 0.002388 டால்டன். கன ஹைட்ரஜன் 2.014102, அதிலிருந்து ஹைட்ரஜன் 1.007825-ஐக் கழித்து, இந்த 0.002388-ஐக் கூட்டினால் 1.008665. அட்டவணையில் அச்சாகியிருக்கும் நியூட்ரான் நிறை இதுதான்.

அணுவா, அணுக்கருவா?

அட்டவணை தருவது எலக்ட்ரான்களோடு சேர்ந்த அணுவின் நிறை. லித்தியம் கணக்கில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு எலக்ட்ரான்கள் இருந்ததால் அவை கழிந்து போயின. எப்போதும் அப்படி அமையாது.

பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் ஃப்ளூரின்-18 நல்ல எடுத்துக்காட்டு. அது ஒரு பாசிட்ரானை வெளியேற்றி ஆக்ஸிஜன்-18 ஆகிறது. அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம். ஃப்ளூரினின் நிறை மிகை 873 கேஇவி, ஆக்ஸிஜனுடையது −783. வித்தியாசம் 1,656 கேஇவி. பாசிட்ரானுக்கு அதிகபட்சமாக அவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்று எழுதினால் தவறு. ஃப்ளூரின் அணுவுக்கு ஒன்பது எலக்ட்ரான்கள், ஆக்ஸிஜனுக்கு எட்டு. மிச்சமாகும் எலக்ட்ரான் ஒன்று, புதிதாகப் பிறந்த பாசிட்ரான் ஒன்று. இருவருக்கும் நிறைக்காக ஆளுக்கு 511 கேஇவி கொடுத்தாக வேண்டும். 1,656-லிருந்து 1,022 போனால் 634. இதுவே பாசிட்ரானின் உச்ச ஆற்றல். உடலுக்குள் அது எவ்வளவு தூரம் நகரும் என்பதையும், அதனால் படம் எவ்வளவு கூர்மையாக அமையும் என்பதையும் முடிவுசெய்யும் காரணிகளில் ஒன்று.

பீட்டா சிதைவில் எலக்ட்ரான் வெளிவந்தால் இந்தத் திருத்தம் வேண்டாம்; அணுக்கரு எலக்ட்ரானை விழுங்கினாலும் வேண்டாம். பாசிட்ரானுக்கு மட்டும் 1,022 கேஇவியைக் கழிக்க வேண்டும். அதே ஸ்கேன் கருவியின் உணர்விகள், பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது வரும் 511 கேஇவி காமாக் கதிர்களுக்காகவே காத்திருக்கின்றன. 9.109 × 10⁻³¹ கிலோகிராம் என்று பாடநூலில் படித்த எலக்ட்ரானின் நிறை, கருவியின் திரையில் ஆற்றலாகத் தெரியும் இடம் அது.

பழைய புத்தகங்களைத் திறக்கும்போது

1960-க்கு முந்தைய நூல்களில் ஹைட்ரஜனின் அணு நிறை 1.00814 என்று இருக்கும். அச்சுப் பிழை அன்று. அளவுகோலே வேறு.

அப்போது ஆக்ஸிஜன்தான் அடிப்படை. அதன் நிறை 16. ஆனால் எந்த ஆக்ஸிஜன்? 1929-இல் பெர்க்லியில் வில்லியம் ஜியாக்கும் ஹெரிக் ஜான்ஸ்டனும், காற்றில் உள்ள ஆக்ஸிஜனில் 17, 18 என்ற கனமான ஐசோடோப்புகளும் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதுமுதல் வேதியியலாளர்கள் இயற்கைக் கலவையை 16 என்றும், இயற்பியலாளர்கள் ஆக்ஸிஜன்-16 ஐசோடோப்பை மட்டும் 16 என்றும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு அளவுகோல்களுக்கும் இடையே பத்து லட்சத்தில் 275 பங்கு வித்தியாசம். ஒரே பெயர், இரண்டு அளவு. முப்பது ஆண்டுகளுக்கு இந்த நிலை நீடித்தது.

வேதியியலாளர்கள் இயற்பியலாரின் அளவுக்கு வந்துவிடலாமே என்றால், அவர்களுடைய எல்லா அட்டவணைகளும் அந்த 275 பங்கு மாற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆல்ஃபிரட் நியர் கார்பன்-12-ஐ முன்மொழிந்தார். ஜெர்மனியின் யோசெஃப் மாட்டாக் அதை ஏற்க வைக்கப் பாடுபட்டார். கார்பனுக்கு மாறினால் வேதியியல் எண்கள் பத்து லட்சத்தில் 43 பங்கு மட்டுமே நகரும். பெரும்பாலான அட்டவணைகளைத் திருத்தவே வேண்டாம். இயற்பியலாளர்கள்தான் 318 பங்கு நகர வேண்டும். நிறைமாலைமானியில் கார்பன் சேர்மங்கள் எளிதில் கிடைக்கும் ஒப்பீட்டுப் பொருளாக இருந்ததால் அவர்களுக்கும் அது வசதியாகவே அமைந்தது. 1960-இல் இயற்பியலாளர்களின் பன்னாட்டு ஒன்றியமும் 1961-இல் வேதியியலாளர்களின் ஒன்றியமும் ஏற்றுக்கொண்டன. அறிவியலில் இத்தனை கண்ணியமான சமரசங்கள் அதிகம் இல்லை.

இந்த வரலாறு கணக்குப் போடுபவருக்கு ஏன் வேண்டும்? சூரியனில் நான்கு ஹைட்ரஜன் ஒரு ஹீலியமாகும்போது வெளிவரும் ஆற்றலைப் பார்ப்போம். இன்றைய எண்களில் 4.031300-லிருந்து 4.002603 போக 0.028697 டால்டன், 26.73 எம்இவி. பழைய நூலிலிருந்து ஹைட்ரஜன் 1.008145-ஐயும் புதிய அட்டவணையிலிருந்து ஹீலியத்தையும் எடுத்துக் கலந்தால் 27.92 வரும். ஒரு எம்இவிக்கு மேல் தவறு. பழைய இயற்பியல் அளவில் உள்ள நிறையை 0.999682-ஆல் பெருக்கினால் டால்டனுக்கு வந்துவிடும். வேதியியல் அளவில் உள்ளதை 0.999957-ஆல் பெருக்க வேண்டும். எது எந்த அளவு என்று தெரியாவிட்டால் அந்த நூலில் ஆக்ஸிஜன்-16-இன் நிறையைத் தேடிப் பார்க்கலாம்: 16.0000 என்றால் பழைய இயற்பியல் அளவு, 15.9949 என்றால் இன்றையது.

துகள் இயற்பியலின் பழைய கட்டுரைகளில் வேறொரு அலகும் எதிர்ப்படும்: எலக்ட்ரானின் நிறை. 1940-களின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் தேபேந்திர மோகன் போஸும் பிபா சௌத்ரியும் டார்ஜிலிங் மலைப்பகுதியில் ஒளிப்படத் தகடுகளை வைத்து, காஸ்மிக் கதிர்களில் வரும் மெசோட்ரான் துகளின் நிறையை அளந்தார்கள். எலக்ட்ரானைப் போல இருநூறு மடங்கை ஒட்டி அவர்களுக்கு விடை கிடைத்தது. இத்தகைய எண்ணை 0.511-ஆல் பெருக்கினால் எம்இவி. இன்று மியூவானின் நிறை எலக்ட்ரானைப் போல 206.77 மடங்கு, அதாவது 105.66 எம்இவி. பயான் 273 மடங்கு, 139.6 எம்இவி. இங்கே ஒரு எச்சரிக்கை: புரோட்டான் எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு, டால்டன் 1823 மடங்கு. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது.

கிராமின் கீழ்ப்படிகள்

முன்னொட்டுகள் கிலோகிராமோடு சேர்வதில்லை; கிராமோடுதான் சேரும். எனவே 10⁻²⁷ கிலோகிராமை முதலில் 10⁻²⁴ கிராம் என்று எழுத வேண்டும். அது ஒரு யோக்டோகிராம். ஒரு டால்டன் 1.66 யோக்டோகிராம். 2022 நவம்பரில் ரோன்டோ, குவெக்டோ என்ற இரண்டு புதிய கீழ் முன்னொட்டுகள் சேர்ந்தன, 10⁻²⁷, 10⁻³⁰. எலக்ட்ரானின் நிறை 0.911 ரோன்டோகிராம். அடுக்கில் மூன்று பிசகும் தவறு பெரும்பாலும் இந்தக் கிலோவில்தான் ஒளிந்திருக்கும்.

உயிர்வேதியியலாளர்களுக்கு டால்டனும் கிலோடால்டனுமே போதும். மனித இன்சுலின் 5,808 டால்டன். ஒரு மூலக்கூறு 9.6 ஜெப்டோகிராம், 10⁻²¹ கிராம் கணக்கில். ஹீமோகுளோபின் ஏறத்தாழ 64,500 டால்டன். இங்கே ஒரு வசதி உண்டு: மூலக்கூறின் நிறை டால்டனில் எவ்வளவோ, ஒரு மோலின் நிறை கிராமிலும் அவ்வளவே. 2019 வரையறைக்குப் பிறகு இந்தச் சமம் வரையறையால் வருவது இல்லை. ஆனாலும் விலகல் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே.

எதிர்முனையில் துகள்கள். 2012 ஜூலை 4 அன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் அறிவித்த ஹிக்ஸ் போசானின் நிறை 125 ஜிஇவி. 0.9315-ஆல் வகுத்தால் 134 டால்டன். ஒரு சீசியம் அணுவை விடச் சற்றுக் கனம். கிலோகிராமில் 2.23 × 10⁻²⁵. மனக்கணக்குக்கு ஒரு ஜிஇவியை ஒரு ஹைட்ரஜன் அணு என்று வைத்துக்கொண்டால் ஏழு சதவீதத்துக்குள் சரியாக இருக்கும். நியூட்ரினோவோ இந்த ஏணியின் அடிமட்டம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் டிரிட்டியத்தின் சிதைவை ஆராயும் காட்ரின் சோதனை, 2025-இல் அதன் நிறைக்கு 0.45 எலக்ட்ரான்வோல்ட் என்று மேல்வரம்பு விதித்தது. 8.0 × 10⁻³⁷ கிலோகிராம்; எலக்ட்ரானின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

கால்குலேட்டரும் கணினியும்

அறிவியல் கால்குலேட்டரில் எக்ஸ்ப் பொத்தான் 'பெருக்கல் பத்தின் அடுக்கு' முழுவதையும் தானே போட்டுவிடும். 1.66, எக்ஸ்ப், −27 என்று அழுத்தினால் போதும். நடுவே 10 என்றும் பெருக்கல் குறி என்றும் சேர்த்து அழுத்தினால் எண் பத்து மடங்காகிவிடும். தேர்வறையில் மிக அதிகமாக நேரும் தவறு இதுவாகத்தான் இருக்க வேண்டும். எக்செலில் கட்டம் 1.66E-27 என்று காட்டினாலும் உள்ளே பதினைந்து எண்ணுருக்கள் இருக்கும். ஆனால் காட்டும் எண்ணைக் கையால் வேறிடத்தில் தட்டெழுதினால் வால் அங்கேயே தங்கிவிடும். கழித்தலுக்கு முன் அப்படிச் செய்தால் மேலே பார்த்த ஹீலியத்தின் கதிதான்.

நிரல் எழுதுபவர்களுக்கு வேறு ஆபத்து. ஒற்றைத் துல்லிய எண்களால் 10⁻⁴⁵-க்குக் கீழே போக முடியாது. எலக்ட்ரானின் நிறையைக் கிலோகிராமில் வைத்து இருமடியாக்கினால் 8.3 × 10⁻⁶¹. கணினி எச்சரிக்கை எதுவும் தராமல் பூச்சியம் என்று எழுதிவிட்டு மேலே போகும். இரட்டைத் துல்லியம் இதைச் சமாளிக்கும். அதைவிட நல்ல வழி, கணக்குக்கு ஏற்ற அலகுகளையே தேர்ந்தெடுப்பது. மூலக்கூறுகளின் அசைவைப் பின்தொடரும் குரோமாக்ஸ் போன்ற மென்பொருள்கள் நிறைக்கு டால்டன், நீளத்துக்கு நானோமீட்டர், நேரத்துக்குப் பிகோநொடி என்று வைத்துக்கொள்கின்றன. நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் அங்கே ஆற்றல் நேராக மோலுக்குக் கிலோஜூல் என்ற அலகிலேயே வந்து நிற்கும். அவகாட்ரோ எண்ணை நிரலில் எங்கும் எழுத வேண்டியதில்லை.